அலமாரியிலிருந்து எடுத்த கலகம்: பிரிட்டன் மாணவர் படங்களில் விடலைகளின் உடை

இரண்டு நிமிடம். அதற்குள் ஒரு கதைப்படத்தின் தொடக்கக் காட்சியையும் பெயர் எழுத்துகளையும் முடித்துவிட வேண்டும். பிரிட்டனில் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008இல் கொண்டுவந்த ஊடகவியல் பாடத்திட்டத்தில், மேல்நிலைப் படிப்பின் முதல் ஆண்டான ஏ.எஸ். நிலை மாணவர்கள் வீடியோப் பணியைத் தேர்ந்தெடுத்தால் செய்ய வேண்டியிருந்தது இதுதான். வயது பெரும்பாலும் 16, 17. ஒரு குழுவில் அதிகபட்சம் நான்கு பேர். உரிமைச் சிக்கல் இல்லாத இசையையும் ஒலிகளையும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. மற்றதெல்லாம் அவர்களே எடுத்ததாக இருக்க வேண்டியிருந்தது. 100 மதிப்பெண்ணில் 20 ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும், 60 படத்துக்கு, 20 கடைசியில் எழுதும் மதிப்பீட்டுக்கு. அந்த மதிப்பீட்டில் ஏழு கேள்விகள். இரண்டாவது கேள்வி, உங்கள் படைப்பு குறிப்பிட்ட சமூகக் குழுக்களை எப்படிக் காட்டுகிறது என்பது.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய மாணவர்களில் கணிசமானோருக்கு அந்தச் சமூகக் குழு அவர்களேதான். நடிக்கக் கிடைப்பவர்கள் வகுப்புத் தோழர்கள். ஆகவே கதையில் வருபவர்களும் பதின்பருவத்தினர். இரண்டு நிமிடத்தில் ஏதாவது நடந்தாக வேண்டும் என்பதால் அந்தப் பதின்பருவத்தினர் அடங்காதவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். விடலைகளைப் பற்றிப் பெரியவர்கள் எடுத்த படங்கள் ஏராளம். விடலைகள் தங்களைத் தாங்களே படமெடுக்கும் வாய்ப்பு அரிது. கிடைத்த அந்த வாய்ப்பில் அவர்கள் பெரும்பாலும் என்ன செய்தார்கள்? பெரியவர்களின் படத்தையே திரும்ப எடுத்தார்கள். ஏன் என்பதற்கான விடை, நடிப்பிலோ வசனத்திலோ இருப்பதைவிட உடையில் தெளிவாகக் கிடைக்கிறது.

இவ்வகைப் படங்களின் வழக்கமான தொடக்கம் ஒன்று உண்டு. சாலைக்கு அடியில் செல்லும் நடைபாதை, அல்லது ஆளில்லாத கார் நிறுத்துமிடம். முதலில் காலணிகள், ட்ராக்சூட்டின் கால்கள். பிறகு ஒரு கை, கையில் சிகரெட். பிறகு முதுகு. கடைசியில் ஹூடிக்குள், அதாவது தலையை மூடும் தொப்பி சேர்த்துத் தைத்த மேலுடைக்குள், பாதி மறைந்த முகம். கூட்டத்தில் ஒரு தலைவன், அவன் பேச்சுக்குச் சிரிக்கும் ஒருவன், தயங்கி நிற்கும் புதியவன், கண்ணைச் சுற்றி மை அப்பிய ஒரு பெண். வசனம் குறைவு, பின்னணி இசை கனம். தலைப்பு வந்ததும் இருட்டு.

இதில் ஹூடி வந்து உட்கார்ந்ததற்குச் சில்லறைக் காரணங்கள் முதலில் உண்டு. உடைக்குப் பணம் கிடையாது. எல்லார் வீட்டு அலமாரியிலும் ஹூடி ஒன்று கிடக்கும். நடிக்கத் தெரியாத நண்பனுக்கு அது பெரிய உதவி: கண் தெரியாவிட்டால் கேமராவைப் பார்த்து அவன் வெட்கப்படுவதும் தெரியாது. ஒருநாள் ஒருவன் வராமல் போனால் அதே ஹூடியை மாட்டிக்கொண்டு இன்னொருவன் நிற்கலாம். ஊடகவியல் ஆசிரியர்கள் இதையெல்லாம் அறிவார்கள். ஆனால் மதிப்பீட்டில் மாணவர்கள் இதை எழுதுவதில்லை. 'ஹூடி கலகத்தைக் குறிக்கிறது' என்றுதான் எழுதுகிறார்கள்.

ஹூடி எப்போதிலிருந்து கலகத்தைக் குறிக்கத் தொடங்கியது? 1930களில் அமெரிக்காவில் குளிரில் வேலை பார்த்தவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தைக்கப்பட்ட சாதாரண உடை அது. பிரிட்டனில் அதன் மீது பழி ஏறிய காலத்தைக் கிட்டத்தட்ட நாள் குறித்தே சொல்லிவிடலாம். 2005 மே மாதம், கென்ட் மாவட்டத்தின் ப்ளூவாட்டர் வணிக வளாகம் தலையை மூடிய ஹூடிகளுக்கும் பேஸ்பால் தொப்பிகளுக்கும் தடை போட்டது. அப்போதைய பிரதமர் டோனி பிளேர் அந்தத் தடையை ஆதரித்தார். 1998ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த, சமூக விரோத நடத்தைக்கு எதிரான 'ஆஸ்போ' ஆணைகள் தெருவோர இளைஞர்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன் மாற்றிப் பேசினார். கோட்டு சூட்டுப் போட்ட நாம் ஹூடியை ஒரு தாக்குதல் சின்னமாகப் பார்க்கிறோம், பிள்ளைகளுக்கோ அது தெருவில் யார் கண்ணிலும் படாமல் போவதற்கான தற்காப்பு என்பது அவர் வாதம். மேற்கு லண்டன் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அந்த ஆண்டு வெளியான 'கிடல்ட்ஹுட்' படத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். 'ஹூடியைக் கட்டிப்பிடியுங்கள்' என்று அவர் சொன்னதாகப் பரவிய வாசகம் அவருடையது அல்ல. அவரைக் கேலி செய்தவர்கள் ஒட்டிவிட்டது.

இதை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சினிமாவில் 'ஹூடி திகில்' என்று விமர்சகர்கள் அழைத்த ஒரு வகை கிளம்பியது. 2008இல் 'ஈடன் லேக்', 2009இல் மைக்கேல் கெய்ன் நடித்த 'ஹாரி பிரவுன்'. இரண்டிலும் இளைஞர் கூட்டம் கிட்டத்தட்ட இயற்கைச் சீற்றம் மாதிரி வருகிறது. காரணம் கேட்க நேரமில்லை. ஊடகங்களும் கூட்டு அடையாளமும் என்ற பாடப்பகுதியில் 'பிரிட்டிஷ் இளைஞர்' என்ற தலைப்புக்கு ஆசிரியர்கள் வகுப்பில் போட்டுக்காட்டியவையும் இப்படங்கள்தாம். ஆக, மாணவன் அலமாரியைத் திறக்கும்போது அங்கே தொங்குவது அவனுடைய ஹூடி மட்டும் இல்லை. வணிக வளாகத்தின் தடை, நாளிதழ் முதல்பக்கம், வகுப்பில் பார்த்த திகில் படம் எல்லாம் அதில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. மாணவன் தன் நண்பனைப் படமெடுப்பதாக நினைக்கிறான். திரையில் வருவதோ, தன் நண்பனைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் ஒரு பெரியவரின் பார்வை.

வர்க்கமும் இதற்குள் இருக்கிறது. இந்தப் படங்களின் அடங்காத விடலை அநேகமாக எப்போதும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளை. எடுக்கும் நால்வரில் எத்தனை பேர் அந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது வேறு விஷயம். நல்ல வீட்டு மகன், வெளுத்த சட்டையோடு, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போய் இடிக்கும் கலகம் மாணவர் படங்களில் அபூர்வம். திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டையர் 1970களிலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சமூகத்தின் விதிகளுக்குள் வாழ்பவர்களைக் காட்ட ஒரு வகை மாதிரிப் பாத்திரங்கள். அந்த விதிகள் யாரை வெளியே வைக்கப் போடப்பட்டனவோ அவர்களைக் காட்ட வேறொரு வகை. முதல் வகைப் பாத்திரம் எந்தக் கதைக்குள்ளும் நடமாடலாம். இரண்டாவது வகைக்குக் கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஹூடி மாட்டிய பையன் நுழைந்ததும் பார்வையாளருக்கு முடிவு தெரிந்துபோவது இதனால்தான்.

ஆனால் அடங்காதவன் என்றால் அழுக்கன் என்ற கணக்கு பிரிட்டனின் சொந்த வரலாற்றிலேயே பொருந்தாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனின் சாவில் ரோ தெருத் தையற்காரர்கள் வசதி படைத்த இளைஞர்களுக்காக எட்வர்ட் மன்னர் காலத்துப் பாணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்: நீண்ட கோட்டு, வெல்வெட் காலர், ஒட்டிய கால்சராய். 1950களின் தொடக்கத்தில் தென் லண்டனின் உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள் அதைக் கைப்பற்றி, தடித்த ரப்பர் அடிப்பாகம் வைத்த காலணிகளோடு போட்டுக்கொண்டார்கள். 'டெடி பாய்' பிறந்தது அப்படித்தான். அவர்கள் மேல் சமூகத்துக்கு வந்த எரிச்சல் அவர்கள் மோசமாக உடுத்தியதால் வரவில்லை, தகுதிக்கு மேல் உடுத்தியதால் வந்தது. அடுத்து வந்த 'மாட்' என்ற இளைஞர் கூட்டத்தாரும் அப்படியே. இத்தாலியப் பாணிக் கச்சிதமான சூட்டு, அது ஸ்கூட்டரில் கசங்காமலிருக்க மேலே அமெரிக்க ராணுவ மிச்சமான பார்க்கா அங்கி. அவர்களுக்கு எதிரிகளான ராக்கர்களுக்குத் தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளும்.

1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையிலும், சில வாரங்கள் கழித்து மார்கேட், பிரைட்டன் கரைகளிலும் இந்த இரு கூட்டமும் மோதிக்கொண்டன. நாளிதழ்கள் அதைப் போர் அளவுக்கு ஊதின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதிய நூலில் அந்த ஊதலின் இயக்கத்தைப் பிரித்துக்காட்டினார். செய்தி திரும்பத் திரும்ப வரும்போது ஒரு சிகையலங்காரம், ஒரு அங்கி, ஒரு ஸ்கூட்டர் ஆகியவை அவையே குற்றத்தின் அடையாளமாகின்றன. அதன்பின் அந்த உடை போட்ட எவனும் போலீசுக்குச் சந்தேகத்துக்கு உரியவன். இன்னும் விசித்திரம், அதுவரை சும்மா இருந்த பையன்களும் அந்த உடையை மாட்டியதும் பத்திரிகை எதிர்பார்த்த வேஷத்துக்குள் போய்விடுகிறார்கள். 1964 பார்க்காவை எடுத்துவிட்டு 2005 ஹூடியை வைத்தாலும் கோஹனின் விளக்கத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

அந்த 1964ஐ வைத்து 1979இல் வந்த 'குவாட்ரோஃபீனியா' படத்தில் உடை பற்றி ஒரு முழு வகுப்பே நடக்கிறது. மாட் இளைஞன் ஜிம்மி பொதுக் குளியலறையில் தொட்டியில் கிடந்து பாடுகிறான். பக்கத்துத் தடுப்பில் இன்னொருவன் வேறு பாட்டைப் பாடுகிறான். சண்டை மூள, எட்டிப் பார்த்தால் அவன் பழைய பள்ளித் தோழன் கெவின். தண்ணீருக்குள் இருக்கும்வரை இருவரும் நண்பர்கள். உடை மாட்டிய பிறகுதான் கெவின் தோல் ஜாக்கெட் போட்ட ராக்கர் என்பது ஜிம்மிக்குத் தெரிகிறது. அப்புறம் அவனோடு சேர்ந்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம். படத்தின் கடைசிப் பகுதியில் இதைவிடக் கடுமையான அடி விழுகிறது. எல்லா மாட்களும் அண்ணாந்து பார்த்த நாயகன், பளபளக்கும் சூட்டுக்காரன், பிரைட்டன் ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் சீருடையில் குனிந்து நிற்பதை ஜிம்மி பார்க்கிறான். வசனமே தேவையில்லை. ஒரு உடை இன்னொரு உடையைப் பொய்யாக்கிவிடுகிறது.

மாணவர்கள் இப்படத்திலிருந்து பார்க்காவையும் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எடுத்திருக்க வேண்டியது வேறு. உடை தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. எந்த விதிக்கு எதிராக, யார் முன்னால், எப்போது மாற்றப்படுகிறது என்பதில்தான் அது பேசுகிறது. ஒரே உடையில் படம் முழுக்க நிற்கும் கலகக்காரன் வெறும் அறிவிப்புப் பலகை.

மாற்றத்தை இரண்டு நிமிடத்துக்குள் காட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியும். 2007இல் சேனல் ஃபோரின் இ4 அலைவரிசையில் தொடங்கிய 'ஸ்கின்ஸ்' தொடரின் முதல் பகுதியில், தங்கை எஃபி இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு விடிகாலையில் விருந்து உடையில் வீடு திரும்புகிறாள். அண்ணன் பாட்டை அலறவிட்டு அப்பாவின் கவனத்தை இழுக்கிறான். அவள் நழுவி உள்ளே போகிறாள். சற்று நேரத்தில் அதே பெண் பள்ளிச் சீருடையில் ஒன்றும் அறியாதவளாக வந்து நிற்கிறாள். அவள் பேசவே இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன தெரியும், யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள், அவள் எவ்வளவு கைதேர்ந்தவள் எல்லாம் புரிந்துவிடுகிறது. அடங்காமையை அறிவிப்பது விருந்து உடை அல்ல, கலையாத அந்தச் சீருடைதான்.

சீருடையை மாணவர் படங்கள் வீணடிக்கின்றன என்பது என் எண்ணம். பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைக்கு அன்றாடம் கைக்கெட்டும் கலகம் சீருடையில்தான் நடக்கிறது. டையை ஒரு சாண் நீளத்துக்குக் குட்டையாகவும் தடியாகவும் முடிவது, மேல் பட்டனைத் திறந்துவிடுவது, சட்டையை வெளியே இழுத்துவிடுவது, பள்ளி வாசல் தாண்டியதும் பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பு சுருட்டி ஏற்றுவது, கறுப்புக் காலணிக்குப் பதில் கறுப்பு நிற ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு ஆசிரியரைக் குழப்புவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுதிய விதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் எந்த அளவு மீறினால் தண்டனை வரும் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. ரொனால்ட் சேர்ல் 1940களில் வரையத் தொடங்கிய செயின்ட் டிரினியன்ஸ் பள்ளிச் சிறுமிகளும், 1954இலிருந்து அவர்களை வைத்து வந்த படங்களும், சீருடையைக் கழற்றாமலே அதைக் கேலிக்கூத்தாக்க முடியும் என்று எப்போதோ காட்டிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை: ஊடகவியல் எடுக்கும் வயதில் பல பள்ளிகளில் சீருடை கிடையாது, சொந்த உடைதான். அதனால் சீருடையை அவர்கள் சின்னப்பிள்ளை விஷயமாக நினைத்து ஒதுக்குகிறார்கள். நேற்றுவரை தாங்களே தினமும் நடத்திய அந்தச் சின்னச் சின்னப் போர்களை மறந்துவிட்டு, இதுவரை போயிராத ஒரு நடைபாதையின் போதைக் கும்பலைப் படமெடுக்கிறார்கள்.

பெண் பாத்திரம் இன்னும் பாவம். அடங்காத பெண் என்றால் கிழிந்த காலுறை, டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ், டெனிம் ஜாக்கெட், கறுப்பு மை. அவள் எதற்கு எதிராகக் கிளம்பியிருக்கிறாள் என்று இரண்டு நிமிடத்தில் ஒருமுறைகூடத் தெரிவதில்லை; தலைவனின் காதலி என்ற பதவியோடு சரி. 2009இல் ஆண்ட்ரியா ஆர்னல்ட் எடுத்த 'ஃபிஷ் டேங்க்' படத்தின் 15 வயது மியா அணிவது சாம்பல் நிற ட்ராக்சூட்டும் ஹூடியும்தான். ஆனால் அவள் ஆளில்லாத ஃபிளாட்டில் தனியாக நடனம் பழகுகிறாள். அப்போது ட்ராக்சூட்டு வசதியாக ஆடுவதற்கான உடையாகிவிடுகிறது. தெருவில் அவளை முரடாகக் காட்டியதும் அதே துணிதான்.

ஷேன் மெடோஸின் 'திஸ் இஸ் இங்கிலாந்து' (2006) இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கதை நடப்பது 1983. ஃபாக்லாந்து போரில் அப்பாவை இழந்த சிறுவன் ஷான், அகலக் கால் வைத்த பழைய பாணிக் கால்சராய் போட்டதற்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறான். அவனைச் சேர்த்துக்கொள்ளும் ஸ்கின்ஹெட் கூட்டம் அவன் தலையை மழிக்கிறது. கட்டம் போட்ட பென் ஷெர்மன் சட்டை, தோள்பட்டி, பூட்ஸ் கிடைக்கிறது. கலக உடை இங்கே சமூகத்தை நோக்கிய வசைச்சொல் இல்லை. ஒரு தனித்த பிள்ளைக்குக் கிடைத்த வீடு. அந்த வீட்டுக்குள் பின்னால் இனவெறி நுழையும்போது நமக்கு நெஞ்சு அடைப்பதற்குக் காரணம், அந்தச் சட்டையை மாட்டிய நாளில் அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்பதை நாம் பார்த்திருப்பதுதான். கலகக்காரனுக்குக் கோபத்தைக் கொடுப்பது சுலபம். ஆசையைக் கொடுத்தால்தான் பாத்திரம் ஆகிறான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மாணவர் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளி கேமராவில், மாலை நேர நடைபாதையில், கறுப்பு ஹூடி போட்ட நால்வரை நிறுத்தினால் திரையில் தெரிவது ஒரு கறுப்புத் திட்டு. யார் தலைவன், யார் புதியவன் என்று பிரிக்க வழியில்லை. நான்கில் ஒருவனுக்கு வேறு நிறம் கொடுத்தால் கண் தானாக அவனைத் தொடரும். 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபெல் விதவுட் எ காஸ்' முதலில் கறுப்பு வெள்ளையில்தான் படமாகத் தொடங்கியது; படப்பிடிப்பின் இடையில் வண்ணத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பிரபலமான சிவப்பு ஜாக்கெட்டுக்கு அர்த்தம் வந்தது அதனால். ஓ.சி.ஆரின் மதிப்பெண் அளவுகோலிலும் நிறம், உருவம், ஒளி, பொருட்கள், இடம் இவற்றைத் தேர்வது தனி அம்சமாகச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் உடைக்கு நிறத் திட்டம் போடும் குழுக்கள் குறைவு. படப்பிடிப்பு இரண்டு மூன்று வாரக் கடைசிகளுக்கு இழுக்கும்போது ஒரு ஷாட்டில் ஜிப் மேலே, அடுத்த ஷாட்டில் கீழே, நடுவில் ஒருவன் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான். கதாபாத்திரம் என்று நாம் நம்புவதில் பாதி இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஹூடியே வேண்டாமா? 2011இல் ஜோ கார்னிஷ் எடுத்த 'அட்டாக் தி பிளாக்' ஹூடி திகிலின் அதே தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அதைத் தலைகீழாக்குகிறது. தென் லண்டன், இரவு, வீடு திரும்பும் நர்ஸ் ஒருத்தி, அவளை மறிக்கும் தலைமூடிய கும்பல், முகத்தை மறைத்த துணி. பார்வையாளர் அவள் பக்கம் நிற்கிறார். பிறகு துணியும் ஹூடியும் விலகி, பையன்களின் முகம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. படம் முடியும் தறுவாயில் கும்பல் தலைவன் மோசஸின் அறைக்குள் அந்த நர்ஸ் நுழைந்தால் கட்டிலில் ஸ்பைடர்மேன் படம் போட்ட போர்வை. தம்பியுடையதா என்று கேட்கிறாள். தம்பி கிடையாது. உனக்கு என்ன வயது என்றால், 15. ஹூடியால் ஒரு மணி நேரம் பெரிய ஆளாக நின்றவனை ஒரு போர்வை பிள்ளையாக்கிவிடுகிறது. செலவென்று பார்த்தால் இதற்கு ஒன்றும் ஆகாது. எந்த மாணவர் குழுவின் வீட்டிலும் அப்படியொரு போர்வை இருக்கும்.

ஓ.சி.ஆரின் அந்தப் பாடத்திட்டம் இப்போது இல்லை. படம் எடுக்கும் ஆசையுள்ள மாணவர்கள் எஜுகாஸ் தேர்வு வாரியத்தின் ஏ நிலை (மேல்நிலை) திரைப்படவியலில் நான்கு முதல் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கலாம். கூடவே 1600 முதல் 1800 சொற்களில் ஆய்வுரையும் எழுத வேண்டும். தொடக்கக் காட்சியோடு நிறுத்தாமல் ஒரு கதையை முடிக்க வேண்டிய கட்டாயம் வந்திருப்பது நல்லது. தொடக்கத்துக்கு அச்சுறுத்தல் மட்டும் போதும், ஹூடி அதைக் கொடுத்துவிடும். ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே அவன் என்ன உடுத்தியிருப்பான் என்பதை யாராவது யோசித்தாக வேண்டும்.